271-ஆம் சொல்லுக்குப் பச்சைப் படிவம்

1972 பிப்ரவரி 14, திங்கள். இன்று ஒரு சிறு பிழை செய்தேன். வெள்ளைப் படிவம் தீர்ந்துவிட்டபடியால், 215 முதல் 312 வரையுள்ள சொற்களைப் பச்சைப் படிவத்திலேயே எழுதினேன். தலைப்பில் ‘இன்மை’ என்று அச்சடித்திருப்பதை அடித்துவிட்டு, ‘இருப்பு’ என்று கையால் மாற்றுவதாக இருந்தேன். மாற்ற மறந்துவிட்டேன். தொண்ணூற்றெட்டுத் தாளும் ஐந்து மணித் தபாலில் போய்விட்டன. நினைவு வந்தது ஐந்தே காலுக்கு. நாளை கண்காணிப்பாளர் அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

எழுதி முடித்து மையை ஊதி உலர்த்திய ரெத்தினம், ‘சிறு பிழை’ என்றிருந்ததை மறுபடி படித்தான். சிறியதா என்று தீர்மானிக்க நாம் யார் என்று தோன்றியது. ‘சிறு’ என்பதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, ஓரத்தில் கேள்விக்குறி இட்டுவிட்டுப் படுத்தான்.

அவனுக்கு இருபத்து நாலு வயது. தஞ்சாவூரில் ‘ஆற்றல்சார் அருஞ்சொல் அயல்மொழியாக்கப் பெருங்குழு’ என்ற சர்க்கார் அலுவலகத்தில் தற்காலிக இளநிலை உதவியாளன். அந்தப் பெயரை மூச்சு விடாமல் சொல்கிறவருக்கே வேலை என்று நேர்முகத் தேர்வில் ஒரு விதி இருந்தது. வந்த முப்பது பேரில் பெரும்பாலோர் ‘அயல்மொழி’யோடு நின்றுவிட்டார்கள். ரெத்தினம் தென்கொற்றங்குடியில் கூலிக்கார வீட்டில் பிறந்து, நாற்றுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வழுக்கும் வரப்பில் ஓடியவன். மூச்சுப் பிடிக்கத் தெரியும். வேலை கிடைத்தது.

குழு பிறந்த கதை சுருக்கமானது. நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த ஜில்லாவில் இருந்த ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர், ஊர் ஊராகப் போய் மாந்திரீகச் சொற்கள் இருநூற்றுப் பதினாலும், அதிகாரச் சொற்கள் தொண்ணூற்றெட்டும் திரட்டி, ஒரு பக்கம் தமிழிலும் எதிர்ப்பக்கம் இங்கிலீஷிலும் எழுதி வைத்தான். இரண்டு வகையையும் ஏன் ஒரே பட்டியலில் போட்டேன் என்பதற்கு முன்னுரையில் ஒரு வரி காரணம் சொல்லியிருந்தான்: இந்த ஜில்லாவாசிகள் பேயைப் பற்றியும் பண்ணையாரைப் பற்றியும் ஒரே மாதிரி குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். பிற்பாடு தமிழ்ப் பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது. இங்கிலீஷ் பக்கத்தின் மை கசப்பு போலும், விட்டுவிட்டது. ஜெர்மனியில் ஒரு காட்சிசாலைக்காரர்கள் இதைக் கேள்விப்பட்டு, ஜெர்மன் மொழியில் கிடைத்தால் நன்றாயிருக்கும் என்று இரண்டு வரிக் கடிதம் போட்டார்கள். அந்த இரண்டு வரிக்காகப் பதினான்கு பேர் கொண்ட குழு அமைந்தது.

சேர்ந்த புதிதில் ரெத்தினம், தமிழ்ப் பக்கத்தை நாமே திரும்ப எழுதிக்கொண்டால் ஜெர்மனாக்குவது சுலபமாக இருக்குமே என்று கேட்டான். தனி அலுவலர் இராஜாங்கம் அவனை இரக்கத்தோடு பார்த்தார். இது மொழியாக்கக் குழு, மீட்புக் குழு அல்ல. மீட்புக் குழு அமைக்கத் தனிக் கோப்பு மெட்ராசுக்குப் போயிருக்கிறது என்றார். ஆகவே தஞ்சாவூர்ச் சொற்களை இங்கிலீஷிலிருந்து ஜெர்மனுக்கு மாற்றும் வேலை, தஞ்சாவூரிலேயே, தமிழ் தொடாமல் நடந்தது. பதினான்கு பேரில் ஒருவருக்கும் ஜெர்மன் தெரியாது. அது ஒரு குறையாகக் கருதப்படவில்லை. ரெத்தினம் மட்டும் பயந்து, திங்கள், புதன், வெள்ளி மாலைகளில் கீழவாசல் சைக்கிள் கடை மாடியில் மூஸா நடத்தும் ஜெர்மன் வகுப்புக்குப் போய் வந்தான்.

பெரிய சிக்கல் வேறு. இது பகுத்தறிவு அரசு. இல்லாத மாந்திரீகத்தை அரசு செலவில் மொழிபெயர்ப்பது கொள்கைக்கு முரணல்லவா என்று முதல் கூட்டத்திலேயே கேள்வி எழுந்தது. இராஜாங்கம் விடை கண்டுபிடித்தார். ஒரு மாதிரிக் கிராமத்தைத் தேர்ந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் அந்த ஊர்க் கிராம முன்சீப்பான பட்டாமணியாரிடம் ‘இன்மைச் சான்று’ பெறுவது; இல்லை என்று உறுதியான பிறகே ஜெர்மனாக்குவது. அதுதான் பச்சைப் படிவம். “மேற்படி சொல் குறிக்கும் பொருள் இக்கிராமத்தில் இல்லை, இருந்ததாக எவரும் கண்டதுமில்லை” என்று அச்சடித்திருக்கும். பட்டாமணியார் கையெழுத்துப் போட்டால் போதும். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதால் படிவத்தில் மட்டும் சொல்லைத் தமிழில் எழுத அனுமதி இருந்தது; அது மீட்பாகக் கருதப்படவில்லை.

மாதிரிக் கிராமத்துக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். நானூறு சீட்டில் தென்கொற்றங்குடி வந்தது. தன் ஊர் என்று சொல்லிவிடலாமா என்று ரெத்தினம் ஒரு நாள் முழுக்க யோசித்தான். சொன்னால் குலுக்கலில் மோசடி என்பார்களோ என்று பயந்து சொல்லாமல் விட்டான்.

மாந்திரீகச் சொற்கள் போன வருஷம் போய்த் திரும்பின. ‘ஏவல்’, ‘பில்லி’, ‘சூனியம்’ மூன்றும் இல்லை என்று மேலொப்பம் இட வேண்டிய நாளில் இராஜாங்கத்துக்குக் காய்ச்சல். அடுத்த அதிகாரிக்கும் காய்ச்சல். கடைசியில் கண்காணிப்பாளர் சௌந்தரநாயகி அம்மாள் ‘பொறுப்பு’ என்று போட்டுக் கையெழுத்திட்டார். தென்கொற்றங்குடியில் குறி சொல்லிப் பேயோட்டும் கோடாங்கி காத்தான் அந்தச் சான்றின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக் கண்ணாடி போட்டு வீட்டு வாசலில் மாட்டினான். சர்க்காரே பயந்து எழுதிக் கொடுத்திருக்கிறது என்று சொல்லி அவனுக்குக் கூட்டம் இரட்டிப்பானது.

அதிகாரச் சொற்களுக்கு வெள்ளைப் படிவம். இவை இருக்கும் பொருள்கள் என்பதால் அதில் நாலு கேள்வி இருந்தன. யாரிடம் உள்ளது? எவ்வளவு உள்ளது? எப்போதிலிருந்து? யார் கொடுத்தது? ஒரு வருஷமாக ஒரு தாள்கூடப் பூர்த்தியாகித் திரும்பவில்லை. ‘ஆணையிடும் அதிகாரம்’ என்ற சொல்லுக்கு மட்டும், யாரிடம் உள்ளது என்ற கட்டத்தில் பட்டாமணியார் ‘தங்களிடம்’ என்று எழுதி, அதையும் அடித்துவிட்டு வெறுமையாக அனுப்பியிருந்தார்.

தொண்ணூற்றெட்டையும் மறுபடி அனுப்பச் சொன்னபோது அந்த வெள்ளைப் படிவம்தான் தீர்ந்துபோய், ரெத்தினம் பச்சையில் எழுதினான்.

மறுநாள் காலை பிழையைச் சொன்னபோது சௌந்தரநாயகி அம்மாள் தலையை நிமிர்த்தவில்லை. திரும்பி வரட்டும், பார்த்துக்கொள்ளலாம், எப்படியும் வராது என்றார்.

ஒன்பதாம் நாள் வந்துவிட்டது. தொண்ணூற்றெட்டும். ஒரு சொல் பாக்கியில்லை. ஒவ்வொன்றிலும் பட்டாமணியாரின் தெளிவான கையெழுத்து, தேதி, முத்திரை. இரண்டு தாளில் மகிழ்ச்சி மிகுதியால் முத்திரை இரண்டு தடவை விழுந்திருந்தது. யாரிடம் உள்ளது என்று கேட்காத ஒரு காகிதம் வந்ததே என்று அந்த மனிதர் எவ்வளவு நிம்மதிப்பட்டிருப்பார் என்பது மையிலேயே தெரிந்தது.

இராஜாங்கம் தாள்கட்டைக் கையில் தூக்கிக் குழந்தையைப் போல் எடை பார்த்தார். ரெத்தினம், அது பிழை, தலைப்பை மாற்ற மறந்தேன் என்றான். அவர் அந்தச் சொல்லைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அன்று மாலை நடந்த பாராட்டுக் கூட்டத்தில் அவனுக்குச் சால்வை போர்த்தினார்கள். மார்ச் பதினைந்தாம் தேதி அமைச்சர் வந்து முந்நூற்றுப் பன்னிரண்டு சொற்களையும் வெளியிடுவார் என்று அறிவிப்பு வந்தது. அன்றிரவு ரெத்தினம், பதினான்காம் தேதி நாட்குறிப்பில் வட்டம் போட்டிருந்த ‘சிறு’ என்ற சொல்லை அடித்துவிட்டான்.

அதற்குப் பிறகு தென்கொற்றங்குடியிலிருந்து சேதிகள் வரத் தொடங்கின. ரெத்தினம் ஒவ்வொன்றோடும் எழுதி அனுப்பிய இரண்டாம் படியைப் பட்டாமணியார் கையெழுத்தும் முத்திரையும் போட்டு அடிக்கட்டையாக வைத்திருந்தார், கேட்டவருக்கெல்லாம் காட்டினார். 240-ஆம் சொல் ‘தீர்வை’. ஊரில் அப்படி ஒன்று இல்லை என்று சர்க்காரே சொன்ன பிறகு எதைக் கட்டுவது என்று நாலு பேர் கேட்டார்கள். 251 ‘கோயிலில் முதல் மரியாதை’. முப்பது வருஷமாக அதற்காகச் சண்டை போட்ட இரண்டு குடும்பமும், இல்லாத ஒன்றுக்கா இவ்வளவு நாள் மண்டை உடைத்துக்கொண்டோம் என்று கட்டிப்பிடித்து அழுதார்கள். பிறகு, அது இல்லாமல் போகக் காரணம் யார் என்று மறுபடி மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கூலித் தகராறுக்காகப் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருந்த போலீஸ் ஏட்டு, 219 ‘கட்டளை’ இல்லை என்றால் தான் யார் சொல்லி இங்கே இருப்பது என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். பக்கத்து ஊர்க்காரர்கள் தங்களுக்கும் ஒரு கட்டு வேண்டும் என்று விண்ணப்பித்தார்கள்.

அலுவலகத்தில் இதையெல்லாம் மக்களின் பேராதரவு என்று குறித்துக்கொண்டார்கள்.

மார்ச் ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, ரெத்தினத்தின் அக்கா அம்சம் கரந்தையில் அவன் தங்கியிருந்த அறைக்கு வந்தாள். பூதலூரில் ரயிலேறி, ஜங்ஷனிலிருந்து நடந்தே வந்திருந்தாள். அப்பனும் ஆத்தாளும் போன பிறகு அவனைக் கூலி வேலை செய்து படிக்க வைத்தவள் அவள்தான். புருஷன் இறந்து ஆறு வருஷம். பண்ணை நிலத்து ஓரத்தில், வாய்க்கால் கரையில், அவர்கள் பிறந்த அதே குடிசையில் தனியாக இருந்தாள். புதிதாக வந்த குடியிருப்புச் சட்டப்படி அந்த மனையைத் தன் பெயருக்குக் கேட்டு மனு போட்டிருந்தாள். மனுவை எழுதியதே ரெத்தினம்தான்.

உள்ளே வந்தவள் உட்காரவில்லை. சுவரோரம் நின்றாள். முதலில் பண்ணை ஆட்கள் வந்ததைச் சொன்னாள்.

“கயிறு பிடிச்சு வீட்டைச் சுத்தி அளந்தானுங்க. எதுக்குடான்னு கேட்டேன். வைக்கப்போர் போட எடம் பாக்குறோம்னானுங்க. நான் உள்ளதான் நிக்கிறேன். நான் நிக்கிறது அவனுங்க கண்ணுக்கே தெரியாத மாதிரி அளந்தானுங்க.”

கிழக்கே கூலிக்காரர் குடிசைகளைப் பண்ணை ஆட்கள் கொளுத்திய வருஷத்திலிருந்து, வைக்கோல் என்ற சொல்லைக் கேட்டாலே ரெத்தினத்தின் தெருவில் பேச்சு நின்றுவிடும்.

பிறகு தாலுகா கச்சேரியில் நடந்த விசாரணையைச் சொன்னாள். பண்ணைக் காரியஸ்தர் சிங்காரவேலு, பட்டாமணியாரிடம் வாங்கி வந்த ஒரு பச்சைத் தாளை எடுத்து நீட்டினார். 271-ஆம் சொல்: குடியிருக்கும் உரிமை. இக்கிராமத்தில் இல்லை, இருந்ததாக எவரும் கண்டதுமில்லை. இல்லாத ஒன்றை எப்படி இந்தப் பெண்பிள்ளைக்குக் கொடுப்பது என்று அவர் கேட்டார். விசாரித்த துணைத் தாசில்தார் ஜெக்கரியா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வெள்ளிக்கிழமைக்கு ஒத்திவைத்தார். அதற்குள் இதற்கு மறுப்பு ஏதும் வராவிட்டால் மனு தள்ளுபடி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டியில் வைக்கோல் வரும் என்று காரியஸ்தர் அப்போதே சொல்லிவிட்டார்.

சொல்லி முடித்து அம்சம் அவன் பக்கம் திரும்பினாள்.

“எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா கோடு தெரியும். நீ எனக்கு லெட்டர் போட்டா என் பேருக்குக் கீழ ரெண்டு கோடு இழுப்பியே, மேல நீளமா, கீழ குட்டையா. அந்தத் தாள்ல அதே ரெண்டு கோடு கெடக்கு. நீயாடா எழுதுன?”

“நான்தான்க்கா” என்றான்.

அவள் திட்டவில்லை. அழவும் இல்லை. “அப்ப நீயே அழிச்சிடு” என்றாள். “எழுதுனவன் அழிக்கலாந்தானே?”

திங்கள் காலை அலுவலகம் திறக்கும் முன்பே ரெத்தினம் வாசலில் நின்றான். சௌந்தரநாயகி அம்மாள் முழுவதும் கேட்டார். விதிப் புத்தகத்தை எடுத்துப் பக்கம் புரட்டினார். பச்சைச் சான்றில் திருத்தம் செய்ய விதி கிடையாது என்றார். இல்லாத ஒன்றில் திருத்துவதற்கு என்ன இருக்கிறது என்பது விதி எழுதியவர்களின் எண்ணம். மாற்ற வேண்டுமானால் வெள்ளைப் படிவத்தில் ‘இருப்பு’ என்று புதிதாகச் சான்று பெறலாம். வெள்ளைப் படிவம் அச்சாகி வர ஆடி மாதம் ஆகும்.

இராஜாங்கத்தின் அறையில் அமைச்சர் விழாவுக்குத் தோரணம் எந்த நிறம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ரெத்தினம் மூன்று தடவை தொண்டையைக் கனைத்த பிறகு விஷயத்தைச் சொன்னான். அக்கா என்று சொல்லவில்லை. ஒரு பெண்பிள்ளை என்று சொன்னான். இராஜாங்கம் நாற்காலியிலிருந்து எழுந்து, மேசைக்கு முன்னால் வந்து, எதிரே பத்தாயிரம் பேர் உட்கார்ந்திருப்பது போல் பேசினார்.

“தம்பி, கேள். மண்ணும் மக்களும் மாட்சிமை பெற உழைக்கும் அரசு இது. உரிமை உண்டு என்று நாம் எழுதினால் என்ன ஆகும்? யாருக்கு என்று கேட்பான். எவ்வளவு என்று கேட்பான். நாளைக்கே கொடு என்பான். இல்லை என்று எழுதிப் பார், ஒருவனும் ஒன்றும் கேட்க மாட்டான். பதினேழு ஆண்டுப் பணியில் ‘உண்டு’ என்று நான் ஒரு கோப்பிலும் எழுதியதில்லை. அதனால்தான் ஒரு புகாருக்கும் ஆளாகாமல் உயர்ந்திருக்கிறேன். நீயும் உயர்வாய்.”

சுற்றியிருந்தவர்கள் பழக்கத்தால் கைதட்டினார்கள். ரெத்தினத்தின் கையும் தானாக இரண்டு தட்டு தட்டியது. அதை அன்றிரவு நாட்குறிப்பில் எழுதி, வெட்கத்தோடு கீழே கோடு இழுத்தான். ஒரே கோடுதான் இழுத்தான். இரண்டு இழுக்கப் பயமாக இருந்தது.

புதன்கிழமை வகுப்பு. மூஸாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நாகப்பட்டினத்துக்காரர். சரக்குக் கப்பலில் சமையல்கட்டு ஆளாகப் போய், ஹாம்பர்க் துறைமுகத்தில் எட்டு வருஷம் கிடந்தவர். அவருடைய ஜெர்மனில் உருளைக்கிழங்குக்குப் பதினோரு சொல் இருந்தது. மாந்திரீகத்துக்கு ‘ட்ஸௌபர்’ என்று ஒன்றுதான். முந்நூற்றுப் பன்னிரண்டில் பாதிக்கு அவர் கையை விரித்துவிட்டார். அதிகாரத்துக்கு ‘மாஹ்ட்’ என்று சொல்லிக் கொடுத்தபோது, கப்பலில் கேப்டன் அந்தச் சொல்லை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை, அது உள்ளவன் சொல்ல மாட்டான் என்றார்.

அன்று ரெத்தினம் 271-ஐக் கேட்டான். குடியிருக்கும் உரிமை. அப்படி ஒரு சொல் ஜெர்மனில் இருக்காது என்று அவனுக்கு நிச்சயமாகத் தோன்றியது. எந்த நாட்டில் இருக்கும்?

“வோன்ரெஹ்ட்” என்றார் மூஸா, யோசிக்காமலே.

சமையல் சொற்களைத் தவிர வேறெதையும் அவர் இவ்வளவு வேகமாகச் சொன்னதில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டான்.

“நான் வாடகைக்கு இருந்த வீட்டுல ஒரு கெழவி இருந்துச்சு தம்பி. மவன் வீட்டை வித்துப்புட்டான். வாங்குனவன் பெரிய ஆளு, மூணு லாரி வெச்சிருந்தான். கெழவியைக் கெளப்ப முடியல. அதுகிட்ட ஒரு தாள் இருந்துச்சு. உசுரு இருக்கிற வரைக்கும் அந்த அடுப்படி அறை அதுக்குத்தான்னு. பிஸ்கட் டப்பாவுல வெச்சிருக்கும். அவன் வந்து கத்துனா, டப்பாவைத் தொறந்து காட்டும். திட்டிக்கிட்டே போயிருவான்.”

“அவ்வளவுதானா? ஒரு தாளைப் பார்த்தா போயிடுவானா?”

“எனக்கும் அதான் ஆச்சரியம். மந்திரிச்ச தாள் மாதிரி இருந்துச்சு.”

அன்று இரவு அவன் அலுவலகத் திருத்தப் படியில் ஜெர்மன் பத்தியை ஒழுங்காகப் பூர்த்தி செய்தான். 271, வோன்ரெஹ்ட். ஒழுங்கு அவனுக்கு ஒரு நோய். பயம் கூடக் கூட அதுவும் கூடும். 271-ஐ முடித்த கை தானாக 272-க்குப் போனது. அங்கே நின்றது. 272: நிலத்தின் மேல் மிராசுதார் உரிமை. 273: குடியானவனை வெளியேற்றும் அதிகாரம். 274: வழக்கை விசாரித்துத் தீர்ப்பளிக்கும் அதிகாரம். எல்லாமே பச்சைத் தாளில் போனவை. எல்லாவற்றிலும் அதே பட்டாமணியாரின் அதே கையெழுத்து. இக்கிராமத்தில் இல்லை, இருந்ததாக எவரும் கண்டதுமில்லை.

அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது. மூலத்தாள்கள் சௌந்தரநாயகி அம்மாளின் பூட்டிய பெட்டியில் இருந்தன. அதிலிருந்து ஒரு தாளை வெளியே எடுத்தால் வேலை போகும், ஜெயில்கூட ஆகலாம்.

வியாழக்கிழமை மத்தியானம் அந்த அம்மாளிடம் போய், 272, 273, 274 என்று எழுதிய சீட்டை நீட்டினான். அவர் எண்களைப் படித்தார். சாவிக்கொத்தை மேசை மேல் வைத்தார்.

“நான் சாப்பிடப் போறேன். பெட்டி தொறந்து கிடந்தா எலி கடிக்கும். ஒரு கண்ணு வெச்சுக்க.”

வழக்கமாகப் பத்து நிமிஷத்தில் சாப்பிட்டு வருகிறவர், அன்று முக்கால் மணி நேரம் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை தாலுகா கச்சேரி வராந்தாவில் அம்சம் மற்ற மனுதாரர்களோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். பண்ணைக் காரியஸ்தர் பெஞ்சில் இருந்தார். வெளியே மரத்தடியில் அவருடைய ஆட்கள் நாலு பேர் நின்றார்கள். ஒருவன் கையில் அந்த அளவுக் கயிறு சுருட்டியபடி இருந்தது. ரெத்தினம் தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து தூணுக்குப் பின்னால் நின்றான். தூணை விடக் கொஞ்சம் ஒல்லியாக இருப்பதற்காக முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டான்.

துணைத் தாசில்தார் ஜெக்கரியா 271-ஐ உரக்கப் படித்தார். இதற்கு மறுப்பு உண்டா என்று கேட்டார். அம்சம் எழுந்து, முந்தானைக்குள்ளிருந்து மூன்று பச்சைத் தாளை எடுத்து மேசை மேல் வைத்தாள். எப்படி வைக்க வேண்டும் என்று தம்பி சொல்லிக் கொடுத்திருந்தான்: மேலே 272, அடியில் 273, கடைசியில் 274.

முதல் தாளைப் படித்ததும் ஜெக்கரியா காரியஸ்தரைப் பார்த்தார். மிராசுதாருக்கு நிலத்தின் மேல் உரிமை இல்லை என்று இதில் இருக்கிறதே என்றார். காரியஸ்தர் அது போலி என்றார். இரண்டும் ஒரே கையெழுத்து, ஒரே முத்திரை, ஒரே தேதி. அது போலியென்றால் இதுவும் போலி என்றார் ஜெக்கரியா. இரண்டாம் தாளைப் படித்ததும் மரத்தடியில் நின்றவர்களைப் பார்த்தார். மூன்றாம் தாளைப் படித்தார். அதற்குப் பிறகு யாரையும் பார்க்கவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கைப்பிடியை ஒரு தரம் தொட்டுப் பார்த்தார்.

“இதை எழுதினது யார்?” என்று கேட்டார்.

அம்சம் தூண் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பாமல் இருக்க அவள் பட்ட பாடு கழுத்தில் தெரிந்தது. ரெத்தினம் தூணை விட்டு வெளியே வந்து மேசை முன் நின்றான்.

“நான்தாங்க. தப்பா எழுதிட்டேனுங்க. தலைப்பை மாத்த மறந்துட்டேன்.”

“எந்த ஆபீஸ்?”

மூச்சைப் பிடித்துப் பெயரைச் சொன்னான். பாதியில் நின்றுவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவை.

கச்சேரி ஆள் போய்ச் சொன்னதும் இராஜாங்கம் அரை மைல் தூரத்துக்கு ஜீப்பில் வந்தார். வராந்தாவில் கூட்டத்தைக் கண்டதும் குரல் தானாக மேடைக்கு ஏறியது. பச்சைத் தாளெல்லாம் ஜெர்மனிக்காக எழுதப்பட்டவை, உள்ளூருக்காக அல்ல என்றார். ஜெர்மனியில் இருந்து பார்க்கும்போது இங்கே ஒன்றும் இல்லாமலிருப்பது நமக்குப் பெருமை என்றார். ஜெக்கரியா பேச்சு முடியும் வரை பொறுத்திருந்தார்.

“எனக்குத் தீர்ப்புச் சொல்ல அதிகாரம் இல்லைன்னு உங்க குழு சான்று கொடுத்திருக்கு. நான் இதைக் கலெக்டருக்கு அனுப்பணும். அனுப்பும்போது யார் கொடுத்ததுன்னு எழுதணும். உங்க பேரை எழுதட்டுமா?”

இராஜாங்கத்தின் முகத்தில் இருந்த மேடை மெல்ல இறங்கியது. பேயைப் பற்றிப் பேசுகிற குரலில், கொஞ்சம் இருங்கள் என்றார். ஜீப்புக்குப் போனார். அங்கே கைப்பெட்டியில் பச்சைப் படிவம் எப்போதும் ஒரு கட்டு இருக்கும். ஜீப்பின் பானட் மூடி மேல் வைத்து ஒன்றைப் பூர்த்தி செய்து கொண்டுவந்து கொடுத்தார்.

ஜெக்கரியா அதை உரக்கப் படித்தார். ‘ஆற்றல்சார் அருஞ்சொல் அயல்மொழியாக்கப் பெருங்குழு: இம்மாவட்டத்தில் இல்லை, இருந்ததாக எவரும் கண்டதுமில்லை.’ கீழே, பதினேழு ஆண்டில் ஒரு புகாருக்கும் ஆளாகாத கையெழுத்து.

இல்லாத குழு கொடுத்த சான்று எதுவும் செல்லாது என்று குறித்துக்கொண்டு, ஜெக்கரியா எல்லாப் பச்சைத் தாளையும் ஓரமாக நகர்த்தினார். காரியஸ்தரிடம் வேறு ஆவணம் இல்லை. மனு நிலுவையில் இருக்கும் வரை குடிசையை யாரும் தொடக்கூடாது என்று எழுதி, மரத்தடி ஆட்களுக்குக் கேட்கும்படி இரண்டு தடவை படித்தார். பிறகு அம்சத்திடம், ஊரில் அவள் குடியிருப்பதற்கு முறையான ஓர் இருப்புச் சான்று ஒரு வாரத்துக்குள் வேண்டும் என்றார். யார் தருவார்கள் என்று அவள் கேட்டாள். பட்டாமணியார் என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

ஜீப் கிளம்பும்போது ரெத்தினம் பக்கத்தில் போய் நின்றான். திங்கட்கிழமை தான் எங்கே வர வேண்டும் என்று கேட்டான். இராஜாங்கம் அவனை முன்பின் பார்த்திராதவர் போல் பார்த்து, எந்த அலுவலகத்தைக் கேட்கிறாய் தம்பி என்றார். டிரைவரிடம் போகச் சொன்னார்.

அம்சம் ரயிலுக்கு நடந்தாள். பண்ணை ஆள் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு அதே ரயிலுக்கு, இருபதடி பின்னால் நடந்தான்.

1972 மார்ச் 10, வெள்ளி. இன்று ஜெர்மன் வகுப்புக்குப் போகவில்லை. வேலை இல்லை; போனது என்று எழுதலாமா, இருந்ததே இல்லை என்று எழுத வேண்டுமா தெரியவில்லை. வெள்ளைப் படிவம் அச்சில் கிடையாது. நோட்டிலிருந்து தாள் எடுத்து அளவுகோல் வைத்து நானே கோடு போட்டேன். மூன்று தரம் சரிபார்த்தேன். சொல் எண் 271. ஜெர்மன்: வோன்ரெஹ்ட். யாரிடம் உள்ளது: அம்சம். எவ்வளவு: வாய்க்கால் கரையில் ஒரு குடிசை, முன்னால் ஒரு முருங்கை. எப்போதிலிருந்து: நாங்கள் பிறப்பதற்கு முன்னாலிருந்து. யார் கொடுத்தது என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் வெறுமையாக விட்டிருக்கிறேன்.

நாளை: காலை முதல் பாசஞ்சரில் பூதலூர். எட்டு மணிக்குள் பட்டாமணியார் வீட்டுக்குப் போக வேண்டும். தாளை நேராக அவர் கையில் கொடுத்துக் கையெழுத்துக் கேட்க வேண்டும். பேனாவில் மை நிரப்பிக்கொள்ள வேண்டும்.